துருக்கிப் பயணம்: ஆபத்து நேரத்தில் வாயில் வர வேண்டிய சொற்கள்

கேள்வி: நானும் என் வீட்டுக்காரரும் என் தங்கை மகளும் அக்டோபரில் துருக்கி போகிறோம். இஸ்தான்புல், கப்படோக்கியா, பாமுக்கலே. குரூப் டூர் இல்லை, நாங்களாகவே புக் செய்தது. அவருக்கு 63 வயது, சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார், இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. தங்கை மகளுக்கு நிலக்கடலை ஆகாது. அங்கே ஏதாவது ஆகிவிட்டால் என்ன சொல்வது என்று பயமாக இருக்கிறது. அவசரத்துக்கு உதவும் துருக்கிய வாக்கியங்கள் என்று 120 வாக்கியம் கொண்ட பட்டியல் ஒன்று கிடைத்தது, மனப்பாடம் செய்ய ஆரம்பித்தேன், மூன்றாம் பக்கம் போவதற்குள் முதல் பக்கம் மறந்துவிட்டது. மகனோ 'போனே மொழிபெயர்த்துவிடும், இதெல்லாம் எதுக்கும்மா' என்கிறான். எதைக் கற்றுக்கொண்டால் போதும்?
- மதுரை வாசகி

பதில்:

அம்மா, வணக்கம்.

முதலில் அந்த 120 வாக்கியத் தாளை மடித்து உள்ளே வையுங்கள். உங்கள் ஞாபகசக்தியில் ஒரு குறையும் இல்லை, பட்டியல் போட்டவருக்குத்தான் ஆபத்து நேரம் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. 'ஆங்கிலம் பேசத் தெரிந்த பல் மருத்துவர் ஒருவரைத் தாங்கள் பரிந்துரைக்க இயலுமா' என்ற ரீதியில் அதில் பாதி இருக்கும், நிறையப் பார்த்திருக்கிறேன். கூட வந்தவர் மயங்கிக் கிடக்கும்போது அந்த நீளத்துக்கு யாருக்கும் வாக்கியம் வராது, தமிழிலேயே வராது.

நான் துருக்கிய மொழிபெயர்ப்பாளர். நம் ஊர்க் குழுக்களோடு போவதும், அங்கே யாருக்காவது ஆஸ்பத்திரி, போலீஸ் என்று வந்துவிட்டால் நடுவில் நின்று பேசுவதும் என் பிழைப்பு. அதில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: கேள்வி கேட்கத் தெரிந்துகொண்டு போகிறவர்கள் பதில் புரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். 'ஹஸ்தானே நெரெதே?' என்று அழகாகக் கேட்டுவிடுவார்கள், ஆஸ்பத்திரி எங்கே என்று அர்த்தம், உச்சரிப்பும் பிரமாதமாக இருக்கும், அதனாலேயே எதிரில் இருப்பவர் இவருக்குத் துருக்கிய மொழி தெரியும் போல என்று நினைத்து, இடது பக்கம், மசூதிக்குப் பின்னால், பேக்கரியைத் தாண்டி என்று அரை நிமிடம் மூச்சுவிடாமல் வழி சொல்வார். இவர் தலையாட்டிவிட்டு நின்ற இடத்திலேயே நிற்பார்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது, அவசரத்தில் கேள்வி கேட்காதீர்கள், செய்தி சொல்லுங்கள். என்ன நடந்தது என்று இரண்டே சொல்லில் சொல்லிவிட்டால் மற்றதைச் சுற்றியிருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். துருக்கியில் தெருவில் ஒருவர் விழுந்தால் நாலு பேர் கூடிவிடுவார்கள், அந்த விஷயத்தில் அது நம்ம ஊர்தான்.

உச்சரிப்பைப் பற்றிக் கொஞ்சம். துருக்கிய மொழி ஆங்கில எழுத்தில்தான் எழுதப்படுகிறது, ஆனால் அதில் புள்ளியில்லாத ஐ என்று ஒரு எழுத்து உண்டு, ஐரோப்பியர்களை வருடக்கணக்கில் படுத்தும் எழுத்து. நமக்கு அது கஷ்டமே இல்லை. 'காது', 'வீடு' என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் ஒரு உகரம் வருகிறதே, பள்ளிக்கூடத்தில் குற்றியலுகரம் என்று படித்தோமே, கிட்டத்தட்ட அதேதான். கீழே நான் எழுதியிருப்பதில் உகரம் வருமிடங்களில் உதட்டைக் குவிக்காமல் சொன்னால் பெரும்பாலும் சரியாக இருக்கும். சொல்லின் முதலில் வரும் 'ப' பஸ்ஸின் ப, 'த' தைரியத்தின் த; தெய்ஸே, தான்சியோன், தாகிப், துதானாக், துதுன், தோப்லான்மா இவற்றில் மட்டும் தலையின் த. போலீஸ், பாஸ்போர்ட் போன்ற தெரிந்த சொற்களை வழக்கம்போலச் சொல்லுங்கள். 'ச்சா' என்று எழுதியிருந்தால் சாவியைச் சிலர் 'ச்சாவி' என்பார்களே, அந்த ஒலி. நெடிலை ரொம்ப இழுக்க வேண்டாம். போதும், மீதியை அவர்கள் புரிந்துகொள்வார்கள்.

இனி கத்த வேண்டிய சொற்கள். 'இம்தாத்!' என்றால் காப்பாற்றுங்கள். இஸ்தான்புலில் ஹோட்டலும் கடையுமாக இருக்கும் சுல்தானஹ்மெத் பகுதியில் 'ஹெல்ப்' என்று கத்தினாலும் ஓடி வருவார்கள், ஆனால் கப்படோக்கியாவிலிருந்து இறங்கி நடுராத்திரி ஏதோ ஒரு பஸ் நிலையத்தில் நிற்கும்போது இம்தாத்தான் வேலை செய்யும். ரயிலின் அபாயச் சங்கிலி, பஸ்ஸில் கண்ணாடி உடைக்கும் சுத்தியல் இவற்றின் பக்கத்திலும் இதே சொல்லைத்தான் எழுதியிருப்பார்கள், போகும்போதே பார்த்து வையுங்கள். தீ என்றால் 'யாங்குன் வார்!', திருடன் என்றால் 'ஹுர்ஸுஸ் வார்!'.

அந்த 'வார்' என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வார் என்றால் உண்டு, 'யோக்' என்றால் இல்லை. இந்த இரண்டை வைத்துக்கொண்டு துருக்கியில் பாதி நாளை ஓட்டிவிடலாம். கேள்வி கேட்காதீர்கள் என்றேன் அல்லவா, அதற்கு ஒரே விலக்கு இதில்தான்: 'வார் மு?' என்று கேட்டால் பதில் வார் அல்லது யோக் என்று வரும், உங்களுக்குப் புரியும். 'இங்கிலிஸ்ஜே பிலென் வார் மு?' என்பது 'இங்கிலீஷ் தெரிந்தவர் உண்டா?' என்று சொல்லுக்குச் சொல் நம் வரிசையிலேயே வரும். தமிழைப் போலவே துருக்கியிலும் வினை கடைசியில், ஒட்டுகள் சொல்லின் பின்னால். ஆங்கில வழியாக யோசிக்காமல் தமிழிலிருந்து நேராகப் போனால் எளிது.

அப்புறம் சொல்லின் கடைசியில் 'ம்' ஒட்டினால் பெரும்பாலும் 'என்னுடைய' என்று ஆகும். 'எஷ்' என்றால் கணவனோ மனைவியோ, 'எஷிம்' என்றால் என் வீட்டுக்காரர். இனி நீங்கள் சொல்ல வேண்டியதில் முக்கால்வாசி 'எஷிம்' என்றே தொடங்கும்.

'எஷிம் பாயுல்து' - மயங்கிவிட்டார். 'எஷிம் கால்ப் ஹஸ்தாசு' - இதய நோயாளி. 'எஷிம் ஷெகெர் ஹஸ்தாசு' - சர்க்கரை நோயாளி. ஹஸ்தா என்றால் நோயாளி, ஹஸ்தானே என்றால் ஆஸ்பத்திரி, சேர்த்தே மனதில் நிற்கும். மூச்சுத் திணறினால் 'நெஃபெஸ் ஆலாமுயோர்'. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் என்றால் வாக்கியமே வேண்டாம், 'கால்ப் க்ரிஸி!' என்று சொல்லுங்கள், மாரடைப்பு. வலியைச் சொல்ல உடலுறுப்பின் பெயரெல்லாம் படிக்காதீர்கள், இடத்தைத் தொட்டுக் காட்டி 'ஆருயோர்' என்றால் இங்கே வலிக்கிறது என்று ஆகிவிடும். ஆருயிர் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறக்காது.

அவர் இன்சுலின் போடுகிறார் என்பதால் எனக்கு மாரடைப்பைவிட அதிகக் கவலை சர்க்கரை இறங்குவதில்தான். வெளியூரில் நடை அதிகம், சாப்பாட்டு நேரம் மாறும், கப்படோக்கியாவின் கொரெமெயில் பலூன் பார்க்க விடியற்காலை நாலு மணிக்கே எழுப்பிவிடுவார்கள், வெறும் வயிற்றோடு. வேர்த்து, நடுங்கி, பேச்சுக் குழறினால் 'ஷெகெரி தூஷ்தூ' என்று சொல்லுங்கள். நாம் 'சுகர் இறங்கிடுச்சு' என்கிறோமே, அப்படியே. அந்தத் தூ மட்டும் உதட்டைக் குவித்துக்கொண்டு 'தீ' சொல்கிற மாதிரி வர வேண்டும், சரியாக வராவிட்டாலும் ஷெகெர் புரிந்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் துருக்கி உங்களுக்கு வசதியான நாடு. எந்த மூலையிலும் டீக்கடை இருக்கும், பாலில்லாத டீயை இடை ஒடுங்கிய சின்னக் கண்ணாடித் தம்ளரில் தருவார்கள், கூடவே சாசரில் பெரும்பாலும் இரண்டு சர்க்கரைக் கட்டி. 'ஷெகெர், ச்சாபுக்!' (சர்க்கரை, சீக்கிரம்) என்றால் கிண்ணத்தோடு கொண்டுவந்து வைப்பார்கள். நினைவு இருந்தால் மட்டும் வாயில் கொடுங்கள், மயங்கியவர் வாயில் எதையும் போடக் கூடாது, அது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆம்புலன்ஸ் எண் 112. நம் நாட்டிலும் அவசர எண் அதுதான், புதிதாக எதையும் ஞாபகம் வைக்க வேண்டாம். முன்பு துருக்கியில் போலீஸுக்கு 155, தீயணைப்புக்கு 110, கிராமப்புறங்களைக் காவல் காக்கும் ஜாந்தர்மாவுக்கு 156 என்று தனித்தனியாக இருந்தன, இப்போது எல்லாம் 112-க்குள்ளேயே வந்துவிட்டன. ஆனால் நீங்களாகவே போன் செய்வதைவிடப் பக்கத்தில் இருப்பவரைச் செய்யவைப்பது நல்லது. ஏனென்றால் எடுத்தவர் ஆங்கிலம் பேசினாலும் முதலில் கேட்பது எங்கே இருக்கிறீர்கள் என்று, அதற்கு மாவட்டம், பேட்டை, தெரு என்று சொல்ல வேண்டும், ஊருக்குப் புதிதாக வந்த உங்களால் முடியாது, டீக்கடைக்காரரால் முடியும். 'ஆம்புலான்ஸ் ச்சாஉருன்!' என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். 'போலிஸ் ச்சாஉருன்!' என்றால் போலீஸை. அந்த ச்சாஉருன் நடுவில் ஒரு எழுத்து எழுதப்படும், ஒலிக்கப்படாது, அதனால் எழுத்தில் பார்த்தால் குழம்பாதீர்கள்.

யாரை எப்படிக் கூப்பிடுவது? இதில் நமக்கு ஒரு சௌகரியம், அங்கேயும் முன்பின் தெரியாதவரை உறவு முறை சொல்லித்தான் கூப்பிடுவார்கள். 'ஆப்லா' அக்கா, 'ஆபி' அண்ணன், உங்கள் வயதுப் பெண்ணை 'தெய்ஸே', பெரியவரை 'ஆம்ஜா'. இளம்பெண்ணான தங்கை மகள் கூட்டத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து 'ஆப்லா!' என்று கூப்பிட்டால் கட்டாயம் திரும்பிப் பார்ப்பாள். அது ஆங்கில 'எக்ஸ்கியூஸ் மீ'க்கு நடக்காது.

டாக்ஸியில் ஏறினால் 'ஹஸ்தானே, ஆஜில்!' போதும். ஆஜில் என்றால் அவசரம், ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கும் அதுதான் பெயர். ஆங்கில எழுத்தில் ஏ, சி, ஐ, எல் என்று பெரிதாக, பெரும்பாலும் சிவப்பில் எழுதியிருக்கும். சி-யைப் பார்த்து ஆசில் என்று படித்துவிடாதீர்கள், துருக்கியில் சி என்றால் ஜ. அந்தப் பெயர்ப்பலகை இருக்கும் வாசல் வழியாகத்தான் போக வேண்டும், பிரதான வாசல் வழியாகப் போனால் ஓ.பி. வரிசையில் நிறுத்திவிடுவார்கள்.

உள்ளே போனதும் நோயின் தீவிரத்தைப் பார்த்து பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பகுதியில் ஒன்றுக்கு அனுப்புவார்கள். பச்சையில் உட்காரவைத்தால் உயிருக்கு ஆபத்தில்லை என்று எடுத்துக்கொண்டு காத்திருங்கள், கோபப்பட்டு ஒன்றும் ஆகாது.

இங்கேதான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் ஒரு விஷயம் இருக்கிறது, எந்தச் சொற்பட்டியலிலும் இது இருக்காது. தலையாட்டல். ஒருமுறை பாமுக்கலேக்குப் பக்கத்து ஊரான தெனிஸ்லியில் எங்கள் குழுவில் வந்த ஒரு அம்மாவுக்கு வயிற்றுவலி, ஆஜிலில் படுக்கவைத்து நர்ஸ் வயிற்றை ஒவ்வொரு இடமாக அழுத்தி 'ஆருயோர் மு?' (வலிக்கிறதா?) என்று கேட்டுக்கொண்டே போகிறார். இந்த அம்மா நம் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறார், ஆமாம் என்று அர்த்தம். நர்ஸ் மறுபடி மெதுவாக, சத்தமாகக் கேட்கிறார். மறுபடி அதே ஆட்டல். துருக்கியில் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் 'நீங்கள் சொல்வது புரியவில்லை' என்று அர்த்தம். நான் பணம் கட்டும் இடத்திலிருந்து திரும்பி வந்தபோது நர்ஸ் கையால் அழுத்துவதை நிறுத்திவிட்டு, இவருக்கு எந்த மொழியில் பேசுவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மாவோ 'வலிக்குதுன்னு எத்தனை தடவை சொல்றது' என்று அழுதுகொண்டிருந்தார். ஆகவே தலையைத் தொடாதீர்கள். ஆமாம் என்றால் 'எவெத்', இல்லை என்றால் 'ஹாயுர்', வாயால் சொல்லுங்கள். அவர்கள் புருவத்தைத் தூக்கி, முகவாயை லேசாக மேலே தூக்கி, 'ட்ச்' என்று நாக்கால் ஒரு சத்தம் கொடுத்தால் அது இல்லை. அலட்சியம் செய்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், அங்கே அது சாதாரணம். நாமும்தான் 'சாப்பிட்டாயா' என்றால் 'ட்ச்' என்கிறோம்.

டாக்டர் கேட்பதில் காதில் விழ வேண்டியவை நாலு சொல்தான். 'இலாச்' என்று காதில் விழுந்தால் மருந்தைப் பற்றிக் கேட்கிறார், மாத்திரை அட்டையை எடுத்து நீட்டுங்கள். 'அலெர்ஜி' என்றால் வார் அல்லது யோக். 'யாஷ்' என்று வந்தால் வயது, பாஸ்போர்ட்டைக் காட்டிவிடுங்கள். 'தான்சியோன்' என்றால் பிரஷர், ரத்த அழுத்தம். இதில் ஒரு எச்சரிக்கை: வீட்டுக்காரர் கவலையாக இருக்கிறார் என்று சொல்ல நினைத்து நீங்கள் 'டென்ஷன், டென்ஷன்' என்றால் அவர்கள் பிரஷர் ஏறிவிட்டது என்று பட்டையைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள்.

புறப்படும்போது எல்லாரும், டாக்டர், நர்ஸ், வாசலில் நிற்கும் காவலாளி, டாக்ஸிக்காரர் வரை, 'கெச்மிஷ் ஒல்சுன்' என்பார்கள். சீக்கிரம் குணமாகட்டும் என்று வாழ்த்துவது. 'சாஓல்' என்று நன்றி சொல்லிவிடுங்கள். பில்லும் மருத்துவ அறிக்கையும் வாங்காமல் வெளியே வராதீர்கள், 'ஃபாதுரா', 'ராபோர்' என்று கேளுங்கள், இன்சூரன்ஸில் பணம் வாங்க இரண்டும் வேண்டும்.

மருந்துக் கடைக்கு 'எஜ்ஸானே'. சிவப்பில் பெரிய ஆங்கில ஈ எழுத்து தொங்கும். சாயங்காலம் ஏழு மணி வாக்கில் சாத்திவிடுவார்கள், ஞாயிறும் விடுமுறை. ஆனால் ஒவ்வொரு பகுதியிலும் முறைவைத்து ஏதாவது ஒரு கடை இரவு முழுக்கத் திறந்திருக்க வேண்டும், அதற்கு 'நொபெட்ச்சி எஜ்ஸானே' என்று பெயர். மூடியிருக்கும் எந்த மருந்துக் கடையின் கண்ணாடியிலும் அன்றைக்கு எது முறைக்கடை என்று முகவரி ஒட்டியிருக்கும், போனில் படம் எடுத்து டாக்ஸிக்காரரிடம் காட்டினால் போதும். நள்ளிரவில் போனால் கதவைத் திறக்காமல் சின்ன ஜன்னல் வழியாகத்தான் மருந்து வரும். டோலோ, குரோசின் என்று நம்ம ஊர் பிராண்டைக் கேட்காதீர்கள், பாரசிட்டமால் என்று கேளுங்கள். காய்ச்சலுக்கு 'ஆதெஷிம் வார்', வயிற்றுப்போக்குக்கு 'இஷால்'. ஆண்டிபயாட்டிக் சீட்டு இல்லாமல் கிடைக்காது, கெஞ்சிப் பயனில்லை. தூக்க மாத்திரை, பலமான வலி மாத்திரைகளுக்கு அங்கே பச்சை, சிவப்பு என்று தனி வண்ணச் சீட்டுகளே உண்டு, வீட்டுக்காரர் ஏதாவது அப்படி எடுத்துக்கொள்கிறார் என்றால் இங்கிருந்தே டாக்டர் சீட்டோடு கொண்டுபோங்கள்.

தங்கை மகள் விஷயம். கடலைக்கு 'ஃபுஸ்துக்' என்று பல பட்டியல்களில் போட்டிருக்கும், அது ஆபத்து. துருக்கியில் வெறும் ஃபுஸ்துக் என்றால் பலருக்கு முதலில் பிஸ்தாதான் ஞாபகம் வரும், காஸியான்தெப் பிஸ்தாவுக்குப் பேர்போன நாடு அது. 'இதில் பிஸ்தா இல்லை' என்று நல்ல மனதோடு சொல்லிவிட்டு நிலக்கடலை போட்டதைக் கொண்டுவந்து வைப்பார். நிலக்கடலைக்கு 'யெர் ஃபுஸ்துஉ'. யெர் என்றால் நிலம், நம்ம ஊர்ப் பெயரேதான். 'யெர் ஃபுஸ்துஉ அலெர்ஜிம் வார்' என்று அந்தப் பெண்ணையே சொல்லிப் பழகச் சொல்லுங்கள், இனிப்புக் கடையில் 'இச்சிந்தே யெர் ஃபுஸ்துஉ வார் மு?' (உள்ளே நிலக்கடலை உண்டா?) என்று கேட்கச் சொல்லுங்கள். பொடித்துத் தூவிய இனிப்புகளில் எது பிஸ்தா, எது மற்றது என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யவே வேண்டாம், சந்தேகம் என்றால் சாப்பிடாமல் இருப்பதுதான் வழி. அட்ரினலின் ஊசி வைத்திருந்தால் அது ஹோட்டல் அறையில் இருக்கக் கூடாது, கைப்பையில் இருக்க வேண்டும்.

அவளுக்கே இன்னும் மூன்று சொல் சொல்லிக்கொடுங்கள். கூட்டத்தில் யாராவது கை வைத்தால் 'தோகுன்மா!' (தொடாதே), அடுத்து 'ஆயுப்!' என்று சத்தமாக. இந்த ஆயுப் வெட்கமாயில்லை என்கிற மாதிரி, பஸ்ஸில் இதைக் கேட்டால் எல்லாத் தலையும் அந்த ஆளைப் பார்த்துத் திரும்பும், போலீஸ் என்று கத்துவதைவிட வேகமாக வேலை செய்யும். யாராவது பின்தொடர்ந்தால் ஏதாவது கடைக்குள் நுழைந்து 'பெனி தாகிப் எதியோர்' (என்னைப் பின்தொடர்கிறான்) என்று சொன்னால் போதும். இஸ்தான்புலில் பெயோலு பக்கம் சாயங்காலத்தில் சிரித்துப் பேசி 'வாங்க ஒரு டிரிங்க் சாப்பிடலாம்' என்று கூட்டிப்போய்ப் பெரிய பில்லைத் தலையில் கட்டுகிறவர்கள் உண்டு, பெரும்பாலும் தனியாகப் போகும் ஆண்களைத்தான் பிடிப்பார்கள், ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

பாஸ்போர்ட். தொலைந்தால் 'பாசாபோர்தும் காய்போல்து', திருட்டுப் போனால் 'பாசாபோர்தும் ச்சாலுந்து'. இரண்டும் ஒன்றுதானே என்று மாற்றிச் சொல்லாதீர்கள், போலீஸ் எழுதும் காகிதத்தில் அது அப்படியே ஏறும், பிறகு இன்சூரன்ஸில் திருட்டு வேறு, தொலைத்தது வேறு. கைப்பைக்கு 'ச்சாந்தாம்'. ஆள் கூட்டத்தில் காணாமல் போனாலும் இதே காய்போல்துதான், 'எஷிம் காய்போல்து' என்று சொல்லி போனில் அவர் படத்தைக் காட்டுங்கள், காலையில் கிளம்பும்போதே அன்றைக்குப் போட்டிருக்கும் உடையோடு ஒரு படம் எடுத்துவைப்பது நல்ல பழக்கம். போலீஸ் ஸ்டேஷனுக்கு 'காராகோல்', அவர்கள் எழுதித் தரும் பதிவுக்கு 'துதானாக்', முத்திரையோடு ஒரு பிரதி வாங்காமல் வராதீர்கள். சுல்தானஹ்மெத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே போலீஸ் பிரிவு உண்டு. இந்தியத் தூதரகம் அங்காராவில், துணைத் தூதரகம் இஸ்தான்புலில். அந்தத் துதானாக்கோடு போனால்தான் ஊர் திரும்புவதற்கான அவசரச் சான்றிதழ் வேலை ஆரம்பிக்கும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் நிலநடுக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2023 பிப்ரவரி 6-ல் தென்கிழக்கே நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், நம் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் ராணுவ மருத்துவர்களும் அப்போது போனார்கள். இஸ்தான்புலும் நிலப் பிளவுக்குப் பக்கத்து ஊர்தான். 2025 ஏப்ரல் 23-ல் 6.2 அளவில் ஆடியபோது கட்டடம் இடிந்து அடிபட்டவர்களைவிடப் பயத்தில் மாடியிலிருந்து குதித்து அடிபட்டவர்கள்தான் அதிகம். 'தெப்ரெம்!' என்று கத்தினால் நிலநடுக்கம். ஓடாதீர்கள். குனி, மூடிக்கொள், பிடித்துக்கொள் என்பதை அங்கே பள்ளிக் குழந்தைகளுக்கு 'ச்சோக், காபான், துதுன்' என்று சொல்லிக்கொடுப்பார்கள். ஆட்டம் நின்றபின் பச்சைப் பலகை வைத்த திறந்தவெளிக்குப் போங்கள், 'தோப்லான்மா ஆலானு', கூடும் இடம். இடிபாடுகளுக்குள் மாட்டியவர்களைத் தேடும்போது மீட்புக்காரர்கள் எல்லா இயந்திரத்தையும் நிறுத்திவிட்டு 'செஸிமி துயான் வார் மு?' என்று கத்துவார்கள், என் குரல் கேட்பவர் உண்டா என்று. அதற்குப் பதில் 'புராதாயும்', இங்கே இருக்கிறேன். உங்களுக்கு இது தேவைப்படாது, ஆனால் நாலு எழுத்துதானே, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மகன் சொன்னதற்கு வருவோம். அவர் சொல்வதில் பாதி சரி. மருந்துக் கடை, போலீஸில் வாக்குமூலம், பில் தகராறு இதற்கெல்லாம் போன்தான் சிறந்தது, என்னையே கூப்பிட வேண்டாம். துருக்கிய மொழியை இணையம் இல்லாமலும் வேலை செய்யும்படி இங்கேயே இறக்கிவைத்துவிடுங்கள், தமிழில் பேசாமல் எளிய ஆங்கிலத்தில் குட்டிக் குட்டி வாக்கியமாகக் கொடுங்கள். ஆனால் முதல் இரண்டு நிமிடத்துக்கு அது உதவாது. கை நடுங்கும், திரைப்பூட்டு திறக்காது, சில சமயம் திருட்டுப் போனதே அந்த போனாகத்தான் இருக்கும். அந்த இரண்டு நிமிடத்துக்குத்தான் வாயில் சில சொற்கள் வேண்டும்.

வாயில் வர முடியாத மீதியெல்லாம் காகிதத்தில் போகட்டும். இஸ்தான்புல் ஹோட்டலில் இறங்கிய முதல் நாள் காலை, வரவேற்பில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, ஆங்கிலத்தில் நீங்கள் எழுதிக் கொண்டுபோனதைத் துருக்கிய மொழியில் எழுதித் தரச் சொல்லுங்கள், செய்து தருவார்கள். பெயர், வயது, சர்க்கரை, இன்சுலின் அளவு, ஸ்டென்ட் எந்த வருடம், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, எல்லா மாத்திரைகளும் பிராண்ட் பெயரில் இல்லாமல் குளோபிடோக்ரெல், மெட்ஃபார்மின் என்று உள்ளே இருக்கும் மருந்தின் பெயரில், இன்சூரன்ஸ் எண், மகன் எண். மூன்று பிரதி எடுத்து ஒன்று அவர் சட்டைப் பையில், ஒன்று உங்களிடம், ஒன்று தங்கை மகளிடம். அவள் பிரதியின் பின்பக்கம் நிலக்கடலை விஷயம். ஊர் மாறும்போது ஹோட்டல் பெயரை மட்டும் அடித்துப் புதிதாக எழுதிக்கொள்ளலாம்.

கடைசியாக, கொரெமெயிலிருந்து பாமுக்கலேக்கு நீங்கள் இரவுப் பஸ் போட்டிருந்தால் பெட்டிகளைக் கீழே சாமான் அறையில் பூட்டிவிடுவார்கள், நடுவழியில் திறக்கச் சொன்னால் திறப்பது கஷ்டம். இன்சுலினும் மாத்திரையும் பிஸ்கட்டும் கையோடு மேலே வரட்டும். சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது உங்கள் பஸ்ஸின் நம்பரைப் படம் எடுத்துவிட்டு இறங்குங்கள், அங்கே ஒரே கம்பெனி பஸ் நாலைந்து வரிசையாக நிற்கும்.